வீட்டு சர்வருக்கு மானிட்டர் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், வீட்டிலேயே சர்வர் (கோப்புகளைச் சேமித்து, பிணையம் வழியே பிறருக்கு எடுத்துத் தரும் கணினி) அமைத்துக்கொள்வது பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். குடும்பத்துப் படங்களையும் ஆவணங்களையும் யாரோ ஒரு நிறுவனத்தின் கணினியில் மாதக் கட்டணம் கட்டி வைக்காமல் சொந்த வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று எடுத்துச் சொன்னதற்கு நன்றி. ஆனால், அதில் இருந்த சாமான் பட்டியலில் கணினிக்கு அடுத்தபடியாக மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றும் கட்டாயம் என்று குறிப்பிட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நிறுவுகிற அன்று சிறிது நேரம் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கப்போகாத திரைக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. செலவைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. திரையில்லாமல் நிறுவுவதற்காக எழுதிவைக்கும் அமைப்புகள் கையில் இருந்தால், சர்வர் கெட்டுப்போகும் நாளில் வேறொருவர் வேறோர் ஊரில் இருந்தபடியே அதை மறுபடியும் அமைத்துக் கொடுத்துவிடலாம். செட்டிநாட்டு வீடுகளுக்கு இது மிகவும் பொருந்தும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளின் நிலை தங்கள் வாசகர்கள் அறிந்ததுதான். ஒரே வீட்டில் பல புள்ளிகளுக்கு, அதாவது பல குடும்பங்களுக்கு, பங்கு இருக்கும். பங்காளிகள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்பு, கல்யாணம் என்றால் வீடு நிறையும். மற்ற நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர் மட்டும் வந்து, கதவைத் திறந்து, கூட்டிப் பெருக்கிவிட்டுப் போவார். பெட்டியில் கிடக்கும் இசைகுடிமானங்கள் (திருமண ஒப்பந்த ஏடுகள்), பர்மாவில் கடை நடந்த காலத்துப் பேரேடுகள், மொய்ப்பண ஏடுகள், பூச்சி அரித்துக்கொண்டிருக்கும் படங்கள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து, எல்லாப் பங்காளிகளும் பார்க்கும்படி ஓரிடத்தில் வைக்க வேண்டும் என்ற எண்ணம் இப்போது பலருக்கு வந்திருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும், 1992-இல் அவர் மறைந்த பிறகு, 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக அமைந்ததால் பிழைத்தன. எல்லா வீட்டுப் பெட்டிகளுக்கும் அந்த நல்லூழ் வாய்க்காது. அவரவர் வீட்டுத் தாள்களை அவரவரேதான் காப்பாற்ற வேண்டும். அதற்கான சர்வர், ஆள் இல்லாத வீட்டில்தான் ஆண்டு முழுவதும் ஓடப்போகிறது. அங்கே மானிட்டர் வைத்தால் யார் பார்ப்பது?

நம் வீட்டுச் சுவர்களின் பருமனுக்கு, முகப்பில் இருக்கும் வைஃபை இரண்டாம் கட்டுக்குப் போய்ச் சேர்வதே அரிது. ஆகையால் சர்வரை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைத்து லேன் வயரால் இணைத்துவிடுவது நல்லது. நிறுவும்போதும் இது கைகொடுக்கும்: வயரைச் செருகியதும் ரவுட்டர் தானாக ஒரு முகவரி கொடுத்துவிடும், கடவுச்சொல் கேட்காது. வைஃபையை நம்பினாலோ, இணைப்பின் பெயர், கடவுச்சொல், நாட்டுக் குறியீடு மூன்றையும் முன்கூட்டியே பிழையில்லாமல் எழுதியிருக்க வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும், திரையில்லாத கணினி அதை நம்மிடம் சொல்ல வழியில்லை.

ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினிகளில் வேலை எளிது. அந்த நிறுவனம் 2020-இல் வெளியிட்ட இமேஜர் என்னும் இலவச மென்பொருளை நம் மடிக்கணினியில் நிறுவிக்கொண்டு, மெமரி கார்டில் இயங்குதளத்தை எழுதுவதற்கு முன்பே, கணினிக்கு வைக்கும் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், நேர மண்டலம், எஸ்எஸ்எச் (வேறொரு கணினியிலிருந்து பிணையம் வழியாகக் கட்டளை அனுப்பும் முறை) வழியாக உள்ளே வருவதற்கான அனுமதி ஆகியவற்றை அதில் நிரப்பிவிடலாம். அவையும் கார்டில் சேர்ந்து பதிவாகின்றன. முதன்முறை மின்சாரம் கிடைத்ததும் கணினி அவற்றைப் படித்துத் தன்னைத்தானே அமைத்துக்கொள்கிறது. கடைக்குப் போகிறவருடன் கூடவே நடந்து ஒவ்வொரு சாமானாகச் சொல்வதற்கும், பட்டியலை எழுதிக் கையில் கொடுத்து அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

விருப்பமிருந்தால் செய்துகொள்ளும் வேலை என்று எண்ணிப் பலர் இந்த நிரப்புதலைத் தாண்டிவிடுகிறார்கள். பழைய காணொளிகளைப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு இது மிகுதியாக நேர்கிறது. முன்பெல்லாம் அந்த இயங்குதளத்தின் எல்லாக் கார்டுகளிலும் பை என்ற ஒரே பயனரும் ராஸ்பெர்ரி என்ற ஒரே கடவுச்சொல்லும் இருந்தன. உலகத்துக்கே தெரிந்த கடவுச்சொல்லோடு இணையத்தில் நிற்கும் கணினிகளை நச்சு நிரல்கள் தேடிப் பிடிக்கும் ஆபத்து இருந்ததால், 2016-இன் இறுதியில் எஸ்எஸ்எச் நுழைவு இயல்பாகவே அடைக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் அந்தப் பொதுப் பயனர் கணக்கும் நீக்கப்பட்டது. எனவே இன்று எதையும் நிரப்பாமல் எழுதிய கார்டு நன்றாகவே ஓடும், விளக்கு மினுக்கும், ரவுட்டரின் பட்டியலில்கூடத் தெரியும். ஆனால் மானிட்டர் இல்லாமல் அதற்குள் யாரும் நுழைய முடியாது. இதைக் கருவியின் பழுது என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை. கார்டை எடுத்து, அமைப்புகளை நிரப்பி, மறுபடியும் எழுதினால் போதும்.

முதல் ஓட்டம் வழக்கத்தைவிட நேரம் பிடிக்கும். கார்டின் முழு அளவுக்கும் கோப்பு முறைமையை விரிப்பது, சர்வரை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் சாவிகளை உருவாக்குவது, அமைப்புகளைப் படித்துவிட்டு மீண்டும் ஒருமுறை தொடங்குவது எல்லாம் அப்போதுதான் நடக்கின்றன. திரை இல்லாததால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திப் போடுகிறவர்கள்தான் கார்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள். போட்டுவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். பிறகு உலாவியில் 192.168.1.1 போன்ற ரவுட்டரின் முகவரிக்குப் போனால், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் நாம் வைத்த பெயர் தெரியும். அதன் முகவரி எப்போதும் மாறாதபடி அந்தப் பக்கத்திலேயே ஒதுக்கிவைத்துக்கொள்வது நல்லது. பெயருக்குப் பின்னால் டாட் லோக்கல் என்று சேர்த்தாலும் பெரும்பாலான கணினிகள் தேடிப் பிடித்துவிடும்.

அதன் பிறகு எல்லா வேலையும் எஸ்எஸ்எச் வழியாகத்தான். பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பிணையத்தில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதைக் கண்டு, அங்கிருந்த தாத்து இலோனென் 1995-இல் எழுதிய முறை இது; தொலைவிலிருந்து அனுப்பும் கட்டளைகளை மறையாக்கம் செய்து அனுப்புகிறது. விண்டோஸ் 10-இல் 2018 முதலே இது உடன் வருவதால் தனி மென்பொருள் தேடி அலைய வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் புதியவர்களைப் பயமுறுத்தும். அதே பெயரிலும் முகவரியிலும் கார்டை மறுபடி எழுதி நிறுவினால், சர்வரின் அடையாளம் மாறிவிட்டது, யாரோ குறுக்கிடுகிறார்கள் என்று பெரிய எழுத்தில் மறித்து நிற்கும். புதிய கார்டில் புதிய சாவி உருவானதால் வருவது அது. மடிக்கணினியில் உள்ள பழைய பதிவை அழித்துவிட்டால் வழிவிடும். கார்டை நாம் மாற்றாதபோது அதே எச்சரிக்கை வந்தால் மட்டும் நின்று யோசிக்க வேண்டும்.

மேலே நான் சொன்ன பெரிய காரணத்துக்கு இப்போது வருகிறேன். மானிட்டர் முன் உட்கார்ந்து நிறுவும்போது, கேட்ட கேள்விக்கெல்லாம் அந்தந்த நேரத்தில் தோன்றிய பதிலைக் கொடுத்துக்கொண்டே போகிறோம். மறு ஆண்டு கார்டு கெட்டுப்போனால் என்ன பதில் கொடுத்தோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. திரையில்லாமல் நிறுவும்போது பதில்களை முன்பே எழுதியாக வேண்டியிருக்கிறது. அந்த அமைப்புகளையும், பின்னர் போட்ட மென்பொருள்களின் பட்டியலையும் பங்காளிகளில் இருவரிடமாவது கொடுத்துவைத்தால், சென்னையில் இருப்பவர் புதிய கார்டை எழுதி கூரியரில் அனுப்பலாம். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் பழைய கார்டை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகி சுவிட்சைப் போட்டால் சர்வர் எழுந்துவிடும். கம்ப்யூட்டர் தெரிந்தவரைத் தேடிக் காரைக்குடிக்கு ஆள் அனுப்ப வேண்டாம். படங்களும் ஸ்கேன்களும் கார்டில் இல்லாமல் எஸ்எஸ்டி எனப்படும் தனிச் சேமிப்பு வட்டில் இருக்க வேண்டும் என்பது இதற்கு அடிப்படை. அந்த எஸ்எஸ்டிக்கும் வேறோர் ஊரில் நகல் இருக்க வேண்டும். கூரியரில் போகும் கார்டில் வைஃபை கடவுச்சொல் இருக்கக் கூடாது. லேன் வயர் இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

கட்டளை எழுதிப் பழகாதவர்களுக்கென்று, உலாவியிலேயே எல்லாவற்றையும் அமைக்கும் வீட்டு சர்வர் இயங்குதளங்களும் உண்டு. வீட்டுக் கருவிகளை இயக்க உதவும் ஹோம் அசிஸ்டன்ட் இயங்குதளத்தைக் கார்டில் எழுதி வயரைச் செருகினால், உலாவியில் அதன் முகவரிக்குப் பின்னால் :8123 என்ற துறை (போர்ட்) எண்ணைச் சேர்க்கும்போது வரவேற்புப் பக்கம் திறக்கும். டெபியன் என்னும் இலவச லினக்ஸ் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்ட யூனோஹோஸ்ட், ஓப்பன்மீடியாவால்ட் ஆகியவையும் உலாவி வழியாகவே நிர்வகிக்கப்படுபவை. இவற்றில் ஒரு கவனம் தேவை. சிலவற்றில் முதலில் பக்கத்தைத் திறந்து பெயர் பதிகிறவரே நிர்வாகி ஆகிவிடுகிறார்; ஓப்பன்மீடியாவால்ட்டிலோ தொடக்கக் கடவுச்சொல் எல்லோருக்கும் ஒன்றே. ஆகவே மின்சாரம் கொடுத்த அன்றே அந்தப் பக்கத்தைத் திறந்து முடித்துவிட வேண்டும். அதற்கு முன் ரவுட்டரில் வெளி இணையத்துக்கு வழி திறக்கவே கூடாது.

பழைய மேசைக் கணினியைச் சர்வராக்குவது என்றால், கட்டுரையாளர் பக்கம் ஓரளவு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். அவற்றில் இயங்குதள நிறுவி, திரையில் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். டெபியனில் பதில்களை முன்கூட்டியே கோப்பாக எழுதிக் கொடுக்கும் வசதி நெடுநாளாக உண்டு. உபுண்டு சர்வர் என்னும் மற்றொரு லினக்ஸ் இயங்குதளத்தில் 20.04 பதிப்பிலிருந்து வேறு வடிவில் அதே வசதி இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு கணினிக்காக அந்தக் கோப்பின் இலக்கணத்தைப் படிப்பது பலருக்கு அலுப்பூட்டும். வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி நிறுவிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து பொருத்துகிறவர்களும் உண்டு. அப்போது லேன் அட்டையின் பெயர் கணினிக்குக் கணினி மாறுவதால், நிறுவியபோது எழுதிய இணைப்பு அமைப்பு செல்லாமல் போய், வயர் இருந்தும் இணைப்பு இல்லாத நிலை வரலாம். அதைவிடப் பெரிய தடை பயாஸ், அதாவது இயங்குதளத்துக்கு முன்பே கணினியை எழுப்பும் உள் நிரல். சில பழைய போர்டுகள் கீபோர்டு இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். மின்சாரம் போய்த் திரும்பியதும் தானாக எழுந்துகொள்ளும் அமைப்பும் பல கணினிகளில் அணைந்தே இருக்கும். இவ்விரண்டையும் சரிசெய்ய ஒருமுறை திரை வேண்டும். எச்டிஎம்ஐ வசதி உள்ள கணினியானால், அதற்குப் பட்டாசாலையில் இருக்கும் டிவியே போதும். இரவல் கீபோர்டு ஒன்றை மாட்டி வேலையை முடித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பழைய மடிக்கணினியாக இருந்தால் திரையும் கீபோர்டும் கூடவே இருக்கின்றன. மூடியை மூடினால் உறங்கிவிடாதபடி அமைத்துவிட்டு, பேட்டரி உப்பாமல் இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கச் சொல்லிவைத்தால் போதும்.

தொலைவிலிருந்து பார்த்துக்கொள்வதிலும் ஒழுங்கு வேண்டும். நம் வீட்டு இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதால், வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழி இருக்காது. 2020-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவிலேயே சேர்க்கப்பட்ட வயர்கார்டு போன்ற மறையாக்கம் செய்த சுரங்க வழியை, தனிப் பொது முகவரி உள்ள வேறொரு கணினியின் துணையோடு, ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே அமைத்து, கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதித்துப் பார்க்க வேண்டும். இணைப்பு அமைப்புகளைத் தொலைவிலிருந்து மாற்றுவது, உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுகிற வேலை. உபுண்டுவில் நெட்பிளான் ட்ரை என்னும் கட்டளையில் மாற்றினால், நாம் 120 விநாடிக்குள் உறுதிசெய்யாதபோது பழைய அமைப்பே திரும்பிவிடும். அதைப் பயன்படுத்தாமல் கைவைக்க வேண்டாம்.

மானிட்டருக்காக ஒதுக்கிய பணத்தை எதில் போடுவது என்று கேட்டால், மின்வெட்டுக்கு எதிரான ஏற்பாட்டில்தான் என்பேன். மின்சாரம் வந்ததும் ராஸ்பெர்ரி பை தானாகவே எழுந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் திடீரென்று மின்சாரம் போனால் கார்டு கெடுகிறது. சர்வரையும் ரவுட்டரையும் சேர்த்துத் தாங்கும் சிறிய யுபிஎஸ் ஒன்று வேண்டும். சர்வர் மட்டும் ஓடி ரவுட்டர் அணைந்துவிட்டால், வெளியூர்ப் பங்காளிகளுக்கு இரண்டும் அணைந்ததாகவே பொருள்.

தங்கள் கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் சாமான் பட்டியலைத் திருத்தி, மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றையும் பழைய மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் ஒருநாள் இரவல் வாங்க வேண்டியவையாக மாற்றி, அவற்றின் இடத்தில் எஸ்எஸ்டி, யுபிஎஸ், உபரி மெமரி கார்டு ஆகியவற்றின் விலையைச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கானாடுகாத்தான்.