கெனில்வொர்த் கோட்டையும் பறிபோன நிலங்களும்

அன்புள்ள சண்முகம்,

இங்கு எல்லோரும் நலம். லட்சுமிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது காலையில் பேப்பரை முதலில் எடுப்பது அவள்தான். கவென்ட்ரி குளிர் உனக்குப் பழகிவிட்டதா? பேரனோடு தமிழில்தான் பேச வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதே.

கெனில்வொர்த் போய்வந்ததாக எழுதி, இந்தக் கோட்டையில் அப்படி என்னதான் நடந்தது என்று கேட்டிருந்தாய். நீ படம் எடுத்து அனுப்பிய அந்தப் புல்வெளி அன்றைக்குப் பெரிய ஏரி. மூன்று பக்கமும் தண்ணீர் என்பதால்தான் இங்கிலாந்து அரசன் மூன்றாம் ஹென்றியின் படை 1266 ஜூனிலிருந்து டிசம்பர் வரை முற்றுகையிட்டும் உள்ளே நுழைய முடியவில்லை. பசியும் நோயும்தான் கடைசியில் கதவைத் திறந்தன.

உள்ளே இருந்தவர்கள் சைமன் டி மான்ட்ஃபோர்ட்டின் ஆட்கள். அரசனை எதிர்த்த பிரபுக்களுக்கு அவர்தான் தலைவர். 1264-ல் லூயிஸ் என்ற ஊரில் நடந்த போரில் அரசனையே சிறைபிடித்தார். மறு ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று ஈவ்ஷாமில் இளவரசன் எட்வர்டின் படை அவரைக் கொன்று, உடலையும் சிதைத்தது. அதற்கடுத்த மாதமே எதிர்த்தவர்களின் நிலமெல்லாம் பறிமுதல் என்று வின்செஸ்டரில் அறிவித்து, அரசன் தன் பக்கத்து ஆட்களுக்கு அதைப் பங்கு போட்டான். தப்பித்தவர்களுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. காட்டிலும் ஈலி சதுப்பு நிலத்திலும் பதுங்கிக்கொண்டு, கொள்ளையடித்துத்தான் பிழைத்தார்கள். போர் முடிந்த பிறகும் நாடு இரண்டு வருடம் எரிந்ததற்கு இந்தப் பறிமுதல்தான் காரணம் என்பது என் எண்ணம்.

முற்றுகை நடந்துகொண்டிருந்தபோதே பிஷப்புகளும் பிரபுக்களுமாகப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து 1266 அக்டோபர் 31 அன்று ஒரு தீர்ப்பு சொன்னார்கள். யாருடைய பரம்பரைச் சொத்தும் அடியோடு போகாது, பணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம். முன்னணியில் நின்று போரிட்டவர்கள் நிலத்தின் ஐந்து ஆண்டு வருமானத்தைக் கட்ட வேண்டும். டெர்பி பிரபு ராபர்ட் ஃபெரர்ஸ் போன்றவர்களுக்கு ஏழு ஆண்டு. கலகத்தில் பங்கு குறைவாக இருந்தவர்களுக்கு இரண்டு, அல்லது ஒன்று. அன்றைக்கு நிலத்தின் விலையே சுமார் பத்து ஆண்டு வருமானம் என்பதால், ஐந்து என்றால் பாதி விலை. இறந்துபோன சைமனைப் புனிதர் என்றோ, அவரால் அற்புதம் நடக்கிறது என்றோ யாரும் பேசக்கூடாது என்றும் அதே தீர்ப்பில் எழுதினார்கள். ஜனங்கள் அவர்மேல் எவ்வளவு பிரியம் வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கேட்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் பணம் முழுதும் கட்டி முடிக்கும்வரை நிலம் புது ஆளிடமே இருக்கும் என்றார்கள். உழவு மாட்டைத் தொழுவத்தில் கட்டிவைத்துக்கொண்டு வட்டி கேட்பதுபோல. பெரிய பிரபுவாவது உறவினரிடம் கடன் வாங்குவான். தன் தலைவன் கூப்பிட்டான் என்று ஈட்டியைத் தூக்கிக்கொண்டு போன சின்னக் குதிரைவீரனுக்கு, ஒற்றைக் கிராமத்தை வைத்துக்கொண்டிருந்தவனுக்கு, யார் கடன் கொடுப்பார்கள்? மன்னிப்பு ஏட்டில் இருக்கும், அவன் பிள்ளைகள் பட்டினி கிடப்பார்கள்.

இந்த ஓட்டையை அடைத்தவன் கில்பர்ட் டி கிளேர், குளோஸ்டர் பிரபு. லூயிஸில் சைமனோடு நின்றவன், ஈவ்ஷாமில் எட்வர்டோடு. இரண்டு பக்கமும் இருந்தவன் என்று அவனை ஏசுகிறவர்கள் உண்டு. எனக்கு அவன்மேல் மரியாதைதான். பறித்த நிலத்தில் நிறைய வாங்கிக்கொண்ட ரோஜர் மார்டிமர் போன்றவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நின்றபோது, கில்பர்ட் 1267 ஏப்ரலில் படையோடு போய் லண்டனையே பிடித்துக்கொண்டான். நிலமிழந்தவர்களும் அவனோடு சேர்ந்தார்கள். ஜூனில் அரசன் இறங்கிவந்தான். முதலில் நிலம் கைக்கு வரும், விளைச்சலிலிருந்து பணம் கட்டலாம். ஜூலையில் ஈலியும் பணிந்தது. பிறகு சிறப்பு நீதிபதிகள் மாவட்டம் மாவட்டமாகப் போய், 1272 வரை இந்த வழக்குகளைக் கேட்டார்கள்.

எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. ஃபெரர்ஸைச் சிறையில் வைத்திருந்து, 1269-ல் அரசனின் இளைய மகன் எட்மண்டுக்கு 50,000 பவுண்டு தருவதாக எழுதி வாங்கினார்கள். ஏழு ஆண்டு வருமானத்துக்கு அது பல மடங்கு. அவனால் கட்ட முடியாது என்று தெரிந்தேதான் கேட்டார்கள். நிலம் எட்மண்டுக்குப் போயிற்று. தீர்ப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நிறைவேற்றுகிறவன் அரசனின் பிள்ளைக்கு வேண்டியவனாக இருந்தால் என்ன ஆகும் என்று பார்.

ஈவ்ஷாம் உன் இடத்திலிருந்து காரில் போய்வரும் தூரம்தான். மகனுக்கு லீவு கிடைத்தால் ஒருநாள் போ. அங்கே பாழடைந்த மடத்தில் சைமனுக்கு ஒரு நினைவுக்கல் உண்டு, படம் எடுத்து அனுப்பு. ஊருக்கு எப்போது திரும்புகிறாய் என்பதை அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

அன்புடன்,
வேலு