பேர் வெட்டிக் கொடுத்த அண்ணனுக்கும் கூட நின்ற எல்லாருக்கும்

ஊர்க்காரர்களுக்கும் பக்கத்து ஊர்ச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

நேற்று ராத்திரி ஒன்பது மணி இருக்கும், கேரளத்து வயநாட்டில் இருக்கும் மேப்பாடியிலிருந்து ஒரு பெண் போன் செய்தது. நாம் அனுப்பிய பாத்திரச் சாமான் 18 வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதாம். ஒரு டம்ளர்கூட நசுங்கவில்லையாம். அந்தப் பெண் சொல்லி முடித்ததும் எங்கள் பலகாரக் கூடத்தில் ஐந்து பேரும் அடுப்பை அணைத்துவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தோம். யாருக்கும் பேச்சு வரவில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக இந்த மடலை எழுதுகிறேன்.

2024 ஜூலை 30 விடியக்காலம் வயநாட்டில் நடந்த நிலச்சரிவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் மண் மூடிய முண்டக்கை, சூரல்மலை என்ற ஊர்ப் பேர்கள் இப்போது நம் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ராணுவத்தார் 190 அடிப் பாலத்தை இரண்டு நாளுக்குள் போட்டு முடித்ததை எல்லாரும்தான் போனில் பார்த்தோம். பார்த்துக்கொண்டே இருப்பதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. ஆடி மாதத்தில் கல்யாணமும் இல்லை, சீர்ப் பலகாரமும் இல்லை. எங்கள் கையில் காசு ஓடாத மாதம் அது. இருந்தாலும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தவித்தோம்.

ஆடிப்பெருக்கன்று வீடு வீடாகப் போய்த் துணி கேட்டோம். நீங்களும் முகம் சுளிக்காமல் அள்ளிக் கொடுத்தீர்கள். 11 மூட்டை சேர்ந்தது. வயநாட்டுக் கல்பெட்டாவில் பேக்கரி வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளை மூலமாக, மேப்பாடி முகாமில் தொண்டு செய்யும் அந்தப் பெண்ணின் நம்பர் கிடைத்தது. அந்தப் பெண்ணின் பூட்டனார் தேயிலைத் தோட்டத்து வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிப் போனவராம். தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறது. எடுத்த எடுப்பில் அந்தப் பெண் சொன்னது இதுதான்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. பழைய துணி வேண்டாம். ஸ்கூல் வராந்தா முழுக்க மூட்டையாக் கெடக்கு. பிரிச்சுப் பாக்க எங்களுக்கு ஆள் இல்ல.”

கேட்டதும் முகம் சுண்டித்தான் போனது. ஆனால் 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினத்தில் ரோட்டோரமெல்லாம் பழைய துணி குவிந்து நனைந்து கிடந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கும் எங்கெங்கோ இருந்தவர்கள் நல்ல மனதோடு கொடுத்த துணிதான். வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் இழந்து நிற்பவர்களுக்கும் ரோஷம் உண்டு. அதை நான் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும். மூட்டைகளைப் பிரித்து அவரவர் வீட்டில் திருப்பிக் கொடுத்தோம். திருப்பி வாங்கியபோது மனம் நொந்தவர்கள் இருந்தால் என்னை மன்னித்துவிடுங்கள். ஒளிவுமறைவில்லாமல் உண்மையைச் சொன்ன அந்தத் தங்கச்சிக்குத்தான் முதல் நன்றி.

“அப்ப என்னம்மா வேணும்?” என்று கேட்டேன்.

“இப்ப ஒண்ணும் வேண்டாம்க்கா. முகாம்ல சோறு இருக்கு. இவங்க எல்லாம் வாடகை வீட்டுக்குப் போவாங்கல்ல, அன்னிக்கு அடுக்களையில ஒரு கரண்டிகூட இருக்காது. அப்ப எல்லாரும் மறந்துருப்பாங்க. நீங்க அப்ப அனுப்புங்க.”

கேரள அரசாங்கம் உடனடிச் செலவுக்குக் குடும்பத்துக்கு 10,000 ரூபாயும், வாடகைக்கு மாதம் 6,000 ரூபாயும் கொடுத்தது. ஆனால் புது வீட்டில் முதல் நாள் உலை வைக்கக் குண்டான் வேண்டும் அல்லவா? அந்தப் பெண்ணின் பொறுப்பில் 18 குடும்பம் இருந்தது. வீட்டுக்கு ஒரு குக்கர், ஒரு இருப்புச் சட்டி, ஒரு தோசைக்கல், இரண்டு குண்டான், நாலு தட்டு, நாலு டம்ளர், ஒரு தூக்குவாளி, கரண்டிகள் என்று கணக்குப் போட்டோம். ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 2,300 ரூபாய் வந்தது.

மூன்று வாரம் தேன்குழலும் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் கைமுறுக்கும் கூடுதலாகப் போட்டோம். அந்த லாபத்தோடு நீங்கள் கொடுத்ததும் சேர்ந்து 41,350 ரூபாய் ஆனது. 50 ரூபாய் குறைந்தது. பாத்திரக் கடைக்காரர் அதைக் கேட்கவே இல்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

அந்தக் கடை வாசலில் ஓர் அண்ணன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாத்திரத்தில் பேர் வெட்டுவார். நம்மில் பாதிப் பேர் வீட்டுச் சீர் சாமானில் இருப்பது அவர் கை எழுத்தாகத்தான் இருக்கும். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப் பிழைக்கிறவர். எவர்சில்வர் வந்து, அப்புறம் பிளாஸ்டிக் வந்து, இப்போது அவரிடம் வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மதியச் சாப்பாட்டைச் சில நாள் டீயோடு முடித்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் ஒரு துண்டுச் சீட்டில் “செட்டிநாட்டுச் சகோதரிகள் அன்பளிப்பு” என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். கோயில் டியூப் லைட்டிலிருந்து அன்னதான அண்டா வரைக்கும் உபயம் என்று பேர் போடுவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அதில் தப்பொன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் சீட்டை வாங்கிப் படித்தார். எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டார். சொன்னேன். மெஷினை ஓட்டாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

“ஆத்தா, இந்தப் பேரப் பாத்துக்கிட்டேதான் அவுக தெனமும் சாப்புடணுமா?”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரே சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கூரை வீடு தீப்பிடித்து ஒன்றுமில்லாமல் நின்றார்களாம். யாரோ ஒரு சங்கத்தார் பாத்திரம் கொடுத்தார்கள். தட்டின் விளிம்பு முழுக்கச் சங்கத்தின் பேர்.

“குடுத்தவுகள நான் குத்தம் சொல்லலத்தா. அவுக குடுக்கலேன்னா நாங்க மண்சட்டிக்கும் வழியில்லாமக் கெடந்திருப்போம். ஆனா பன்னெண்டு வருசம் அதுலதான் சாப்புட்டோம். எங்க அக்காளப் பொண்ணு பாக்க வந்தவுக பலகாரத்த எடுத்துட்டுத் தட்டத் திருப்பித் திருப்பிப் பாத்தாக. எங்காத்தா அன்னிக்கு அழுத அழுகை இன்னும் காதுல கேக்குது.”

அப்புறம் சீட்டை நாலாக மடித்து என் கையிலேயே வைத்தார். “அவுக பேரக் கேட்டு வாங்கு. அவுக பேரையே வெட்டித் தாரேன். காசு வேணாம்.”

மேப்பாடிக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் முதலில் பேசவே இல்லை. பிறகு, எல்லாரையும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றது. மறுநாள் நோட்டுத் தாளில் பெரிது பெரிதாக மலையாளத்தில் எழுதி, ஒவ்வொரு குடும்பமும் எந்தப் பேரை விரும்பியதோ அதைப் போட்டோ எடுத்து அனுப்பியது. 18 வீட்டுக்கும் பேர் வந்தது. வீட்டுக்கு நாலு தட்டு, நாலு டம்ளர், ஒரு தூக்குவாளி என்று பேர் வெட்ட மொத்தம் 162 பாத்திரம்.

அண்ணனுக்கு மலையாளம் ஓர் எழுத்தும் தெரியாது. என் போனை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, பழைய டப்பா மூடி ஒன்றில் எழுதி எழுதிப் பார்த்தார். அந்த எழுத்தெல்லாம் வளைந்து வளைந்து போகிறது. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. கைமுறுக்குச் சுற்றிச் சுற்றி என் விரலுக்குப் பழக்கம். பக்கத்தில் உட்கார்ந்து, இதை உள்ளேயிருந்து வெளியே சுற்றணும் அண்ணே, இதை வெளியேயிருந்து உள்ளே, என்று காற்றிலேயே விரலால் சுற்றிக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துப் பார்த்து ஊசியை ஓட்டினார். பேனா மாதிரி இருக்கும் அந்தக் கருவி கையில் அதிர அதிர, புள்ளி புள்ளியாக எழுத்து விழும். ஒவ்வோர் எழுத்து முடிந்ததும் ஊதுவார், கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார், அப்புறம்தான் அடுத்தது. ஒரு பேரில் நம் ‘ழ’ வந்தது. அவர்களுக்கும் ‘ழ’ உண்டு, எழுதுவதுதான் வேறு மாதிரி என்று சொன்னதும், “அப்ப நம்ம கூடப்பொறந்தவுகதான்” என்று அந்த எழுத்தை மட்டும் மறுபடி ஒரு தடவை டப்பா மூடியில் எழுதிப் பார்த்துக்கொண்டார்.

நாலு நாள் கடை சாத்தின பிறகும் உட்கார்ந்து வெட்டினார். ஒரு டம்ளரில் சுழி மாறிப் போய்விட்டது. வெட்டினால் வெட்டியதுதான், அழிக்க முடியாது. நான் பார்ப்பதற்குள் கடைக்குள் போய்ச் சொந்தக் காசில் வேறு டம்ளர் வாங்கி வந்துவிட்டார்.

அந்தப் பட்டியலில் ஒரு வீட்டில் ஒரே ஒருவர்தான் மிச்சம். அவருக்கு மட்டும் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் போதுமே, மீதியை ஆள் அதிகம் இருக்கிற வீட்டுக்குக் கொடுக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. கையில் இருக்கும் காசுக்குத் தகுந்தபடி யோசித்து யோசித்து மனம் அப்படிப் பழகிவிட்டது. அண்ணனிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்.

“நாலும் போகட்டும்த்தா. யாராச்சும் பாக்க வருவாக. அவர் மட்டும் தனியா உக்காந்து சாப்புடக் கூடாது.”

நாலு தட்டிலும் அவர் பேரை வெட்டினார். மற்ற எல்லாவற்றையும்விட அந்த நாலையும்தான் ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

நேற்றுப் போனில் அந்தப் பெண் சொன்னது: பையைப் பிரித்ததும் ஒருவரும் குக்கரை எடுக்கவில்லையாம். தட்டைத்தான் எடுத்து, பேர் இருக்கும் இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்களாம். ஒரு வயதான அம்மா, மண்ணுக்குள்ளே போன தன் கல்யாணப் பாத்திரத்திலும் இதே இடத்தில்தான் பேர் இருந்தது என்று சொன்னாராம். நாலு தட்டு வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனவர், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா என்று அந்தப் பெண்ணையும் கூட இருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டாராம்.

அண்ணே, உங்கள் பேரை எழுதட்டுமா என்று கேட்டதற்குக் கூடவே கூடாது என்றீர்கள். எழுதவில்லை. ஆனால் கடை வாசலில் அந்த ஸ்டூலைப் பார்க்கிற நம் ஊர்க்காரர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். வீட்டில் பேர் வெட்டாத பாத்திரம் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். கேட்ட கூலியைக் கொடுங்கள்.

மற்றவர்களையும் சொல்லாமல் விடக் கூடாது. சாமான் அறையைத் திறந்துவிட்டு, “எனக்கெதுக்கு இத்தனை அண்டா” என்று இரண்டு பித்தளை அண்டாவை எடைக்குப் போட்டுப் பணம் கொடுத்த ஆச்சிக்கு நன்றி. வளவு வீடு நிறையச் சாமான் இருந்தாலும் மாதச் செலவுக்கு அவர் படும் பாடு எங்களுக்குத் தெரியும். உண்டியலை உடைத்துச் சில்லறை கொண்டுவந்து கொட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகள், பலகாரத்தைச் சும்மா ஏற்றிப்போய்க் கடைகளில் இறக்கிய ஆட்டோத் தம்பி, விலை பேசாமல் வாங்கிய சந்தைக் கடைக்காரர்கள், புதுவயலிலிருந்து அரிசி லோடோடு எங்கள் 18 பையையும் ஏற்றி ஒன்பது கொண்டை ஊசி வளைவும் ஏறிக் கல்பெட்டாவில் இறக்கிவிட்டு ஒரு ரூபாயும் வாங்காமல் போன டிரைவர், ராத்திரி பகலாக மாவு பிசைந்த என் நாலு சகோதரிகள், எல்லாருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

பணமாகக் கொடுக்க முடிகிறவர்கள் கேரள முதலமைச்சர் நிவாரண நிதிக்கே அனுப்பலாம். அதுதான் சுருக்கு வழி, தூக்கிச் சுமக்க வேண்டியதும் இல்லை. எங்களிடம் பணத்தைவிடக் கையும் காலும்தான் அதிகம் இருந்தது, அதனால் இப்படிச் செய்தோம்.

இந்தச் செட்டிநாட்டு மண்ணுக்குத் தூரத்து ஊர்க் காரியம் புதிதில்லை. காசியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நகரத்தார் சத்திரம் கட்டினார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வியாபாரத்துக்குப் போனவர்கள் லாபத்தில் மகமை என்று ஒரு பங்கை ஒதுக்கி வைத்துத்தான் கோயிலும் சத்திரமும் நடத்தினார்கள். அவர்கள் பெரிய கை. எங்கள் கை சின்னது. ஆனால் ஒதுக்கி வைப்பதற்குக் கை பெரிதாக இருக்க வேண்டியதில்லை என்று இந்த ஒரு மாதத்தில் எங்களுக்குப் பட்டது. அதனால் நாங்கள் ஐந்து பேரும் நேற்று ராத்திரி அந்தத் திண்ணையிலேயே பேசி முடிவெடுத்தோம். இனி விற்கிற ஒவ்வொரு கிலோ பலகாரத்துக்கும் 2 ரூபாய் தனிச் சம்புடத்தில் போகும். வீட்டில் எவ்வளவு இழுபறி வந்தாலும் அதில் கை வைக்க மாட்டோம். அடுத்து எங்கே என்ன நடந்தாலும், முதலில் போன் போட்டு என்ன வேண்டும் என்று கேட்போம். கேட்ட பிறகுதான் சம்புடத்தைத் திறப்போம்.

வரவு செலவு நோட்டு பலகாரக் கூடத்தில் ஆணியில் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். துணி மூட்டையில் யாருடையது என்று தெரியாமல் இரண்டு புதுப் போர்வை நின்றுவிட்டது, ஒன்று பச்சைக் கரை, ஒன்று கட்டம் போட்டது. கொடுத்தவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பலகாரக் கூடத்துச் சகோதரிகளுக்காக,
உங்களில் ஒருத்தி
ஆவணி, 2024