எம்எச்17: எங்கள் தோழர்களைத் தம்மவராகக் கருதியவர்களுக்கு நன்றி

அன்புக்குரியவர்களுக்கு, வணக்கம்.

2014 ஜூலை 17ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த மலேசிய ஏர்லைன்ஸின் எம்எச்17 விமானம், போர் நடந்துகொண்டிருந்த கிழக்கு உக்ரைனின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டதற்கு ரஷ்யாவே பொறுப்பு என்று 2025 ஜூலை 9ஆம் நாள் ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்த செய்தியைக் கேட்டதிலிருந்து என் மனம் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. மே மாதத்தில் அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் மன்றமும் ரஷ்யா தன் கடமையை மீறியதாகவே முடிவு செய்திருந்தது. ஆயினும், ஏவுகணையைப் பற்றி மட்டும் பேசாமல், உண்மையை ஏற்க மறுத்து வந்ததன் மூலம் குடும்பங்களின் துயரத்தைப் பெருக்கியதும் மனிதத்தன்மையற்ற செயலே என்று ஒரு நீதிமன்றம் சொன்னதைப் படித்தபோதுதான் நான் கண்கலங்கினேன். பதினொரு ஆண்டுகளாக அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

நான் அக்குடும்பங்களில் ஒருத்தி அல்லேன். மலேசிய ஏர்லைன்ஸ் விமானங்களில் நெடுங்காலம் பணிப்பெண்ணாக இருந்து ஓய்வு பெற்றவள். அன்று பணியில் இருந்த 15 பேரும் நான் செய்த வேலையையும் அதனோடு சேர்ந்த வேலைகளையும் செய்தவர்கள். சிலரோடு நான் பறந்திருக்கிறேன். அவர்களுடைய பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த உரிமை குடும்பத்தாருக்கே உரியது.

தீர்ப்பு வந்த வேளையில் நான் நெதர்லாந்தில் இருந்தேன். ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஃபைஃப்ஹாய்சன் பூங்காவில், இறந்த 298 பேருக்கும் ஆளுக்கொரு மரமாக, மேலிருந்து பார்த்தால் ஒரு நாடாவின் வடிவம் தெரியும்படி நட்டிருக்கிறார்கள். அங்கே முதன்முறையாகச் சென்றேன். ஜூலை மாதமாதலால் சூரியகாந்திகள் பூத்திருந்தன. தலைக்கு மேலே விமானங்கள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தன. ஒரு மரத்தடியில் களை பறித்துக்கொண்டிருந்த முதிய டச்சு அம்மையார் ஒருவர் நிமிர்ந்து, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். என்னோடு வேலை செய்தவர்களை என்று சொன்னேன். வழக்கமாக அடுத்து வரும் கேள்விகள் எனக்குப் பழகிப்போனவை: போர் நடக்கும் நிலத்தின் மேல் ஏன் பறந்தார்கள், யார் சுட்டார்கள், எத்தனை ஆயிரம் அடி உயரம். அந்த அம்மையார் அவற்றுள் ஒன்றையும் கேட்கவில்லை. "அந்த நேரத்தில் அவர்கள் என்ன வேலை செய்துகொண்டிருந்திருப்பார்கள்?" என்று கேட்டார்.

இத்தனை ஆண்டுகளில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. விமானம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து நண்பகல் தாண்டிப் புறப்பட்டு ஏறத்தாழ மூன்று மணி நேரம் பறந்திருந்தது. அப்படியானால் முதல் உணவு பரிமாறி முடிந்திருக்கும், தட்டுகளைத் திரும்ப எடுத்திருப்பார்கள், கோலாலம்பூரில் விடியற்காலையில் இறங்க வேண்டியவர்கள் சற்றே உறங்கட்டும் என்று சன்னல் மறைப்புகளை இறக்கச் சொல்லியிருப்பார்கள். விமானத்தில் பிள்ளைகள் பலர் இருந்ததால் யாராவது ஒருவர் பால் புட்டியைச் சுடுநீரில் வைத்துக்கொண்டிருந்திருப்பார். ஓய்வு முறை வந்தவர்கள் காலணியைக் கழற்றியிருப்பார்கள். மற்றவர்கள் உணவு அறையில் நின்றபடியே தம் பங்கு உணவைப் பிரித்திருப்பார்கள். எங்கள் வேலையில் உட்கார்ந்து உண்பது அரிது. இவற்றையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவர் குறுக்கே ஒரு சொல்லும் பேசாமல் கேட்டார். பிறகு தம் கூடையிலிருந்த ஆப்பிளை இரண்டாக நறுக்கி ஒரு பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் பணியாளர்களின் மரங்கள் ஒவ்வொன்றிடமும் அழைத்துச் சென்றார். எந்த மரம் எங்கே நிற்கிறது என்பது அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. மலேசியக் குடும்பங்களால் நினைத்தபோது வர இயலாது என்பதால் அந்த மரங்களின் அடியைத்தான் தாம் முதலில் சுத்தம் செய்வதாகச் சொன்னார்.

அவருடைய உறவினர் ஒருவரும் அந்த விமானத்தில் இல்லை. 2014 ஜூலை 23ஆம் நாள் ஐந்தோவன் விமானத் தளத்தில் இறக்கப்பட்ட முதல் 40 பேழைகளை ஹில்வர்சம் நகருக்கு ஊர்வலமாகக் கொண்டு சென்றபோது, நெடுஞ்சாலை மேம்பாலம் ஒன்றின் மேல் நின்ற மக்களுள் அவரும் ஒருவர். "எந்தப் பெட்டியில் யார் என்று அன்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாரும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று எண்ணித்தான் நின்றோம்" என்றார். அன்று கோலாலம்பூரில் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்து, மக்கள் வீசிய பூக்கள் ஊர்திகளின் மேல் விழுவதைப் பார்த்த எனக்கு, அவற்றுள் சில எங்கள் தோழர்களுக்கும் உரியவை என்று எண்ணத் துணிவு வரவில்லை. அம்மா, அந்தத் துணிவை நீங்கள் கொடுத்தீர்கள். உங்களுக்கு என் முதல் நன்றி.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இன்னும் பலர். குண்டுச் சத்தத்துக்கு நடுவே விமானத்தின் சிதைவுகள் விழுந்த கிராபோவே சிற்றூரின் வயல்களில் வரிசையாக நடந்து உடல்களைத் தேடிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். கறுப்புப் பெட்டிகளைப் பெறத் தோனெட்ஸ்க் வரை சென்ற மலேசிய அதிகாரிகள். 296 பேரை அடையாளம் கண்ட தடயவியல் அறிஞர்கள். ஐந்து நாடுகளின் கூட்டு விசாரணைக் குழுவினர். குற்றவாளிகளை விசாரிக்க அனைத்துலகத் தீர்ப்பாயம் அமைக்கக் கோரி 2015இல் ஐநா பாதுகாப்பு மன்றத்தில் மலேசியா கொண்டுவந்த தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்த 11 நாடுகள். 2014 ஆகஸ்டு 22ஆம் நாள் முதல் 20 பேர் வீடு திரும்பியபோது பேழைகளைத் தோளில் சுமந்த வீரர்கள். கறுப்புடை அணிந்து தெருவில் நின்ற நம் மக்கள். கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் வேண்டிக்கொண்டவர்கள் அனைவருக்கும் தலைவணங்குகிறேன். இன்றுவரை அடையாளம் காணப்படாத இரண்டு டச்சுக்காரர்களின் வீட்டாரையும், 2014 மார்ச்சில் காணாமல் போன எம்எச்370 விமானத்தைப் பற்றி எந்த விடையும் கிடைக்காமல் காத்திருக்கும் குடும்பங்களையும் நினைக்கும்போது, எங்களுக்குக் கிடைத்திருக்கும் இந்த ஆறுதலைக் கூட உரக்கச் சொல்ல மனம் கூசுகிறது.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். சுட்டவர்கள் அதை உக்ரைனின் இராணுவ விமானம் என்று எண்ணியிருக்கக்கூடும் என்பதை 2022 நவம்பர் 17ஆம் நாள் ரஷ்ய ஆதரவுக் கிளர்ச்சிப் படையைச் சேர்ந்த மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்த நெதர்லாந்தின் ஹேக் நீதிமன்றமும் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தவறான எண்ணம் குற்றத்தைக் குறைக்காது என்றும், எந்த விமானத்தையும், அது இராணுவ விமானமாகவே இருந்தாலும், சுடுவதற்கு அவர்களுக்குச் சட்டப்படி உரிமை இல்லை என்றும் அது தெளிவுபடுத்தியது. இதை நம் மக்கள் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். எம்எச்17க்கு ஒரு மாதம் முன்பு, 2014 ஜூன் 14ஆம் நாள், லுகான்ஸ்க் விமான நிலையத்தில் இறங்க வந்த உக்ரைனிய விமானப் படையின் இல்யூஷின் 76 விமானம் சுடப்பட்டு அதிலிருந்த 49 பேரும் மாண்டனர். அரசின் விமானம், படையினரின் விமானம் என்பதால் அந்த 49 பேரின் தாய்மார்கள் குறைவாக அழுதிருக்க மாட்டார்கள். ஒருமுறை அப்படி ஒரு விமானம் வீழ்ந்ததும் வான்வழி முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 32,000 அடிக்குக் கீழே மட்டும் மூடினார்கள். எங்கள் தோழர்கள் 33,000 அடியில் பறந்துகொண்டிருந்தார்கள்.

விடைபெறும்போது அந்த அம்மையார் என்னிடம் ஒன்று கேட்டார். நான் சொன்னதையெல்லாம் எழுதி அனுப்பினால், மரங்களைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாமே படித்துக் காட்டுவதாகச் சொன்னார். என் உடம்பில் தெம்பு இருக்கும்வரை அதைச் செய்வேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்து வந்திருக்கிறேன். ஆகவே, அந்த 15 பேரோடு ஒருமுறையேனும் பறந்த முன்னாள், இந்நாள் பணியாளர்களிடமும், அவர்கள் கையால் ஒரு கோப்பைத் தேநீர் வாங்கிக் குடித்த பயணிகளிடமும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: அவர்களுடைய வேலையைப் பற்றி, சிரிப்பைப் பற்றி, உங்களுக்கு நினைவிருப்பதைத் தமிழிலோ மலாயிலோ சீனத்திலோ ஆங்கிலத்திலோ எழுதி, இந்த ஆண்டு முடிவதற்குள் எனக்குத் தாருங்கள். ஒவ்வொன்றையும் முதலில் அந்தந்தக் குடும்பத்தாரிடம் காட்டி, அவர்கள் ஒப்புதல் தந்த பிறகே மொழிபெயர்த்து அனுப்புவேன்.