குப்பையை எடை போடு

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிரியாணிக் கடைக் கணக்கைப் பார்த்தேன். அரிசி, கறிக் கொள்முதல் ஏறியிருக்கிறது, விற்பனை ஏறவில்லை. சமைக்கிற பண்டாரியைத் திட்டுவதற்கு முன் குப்பையை எடை போடு. கல்லாவுக்கு மேலே ‘உண்ணுங்கள், பருகுங்கள், விரயம் செய்யாதீர்கள்’ என்று குர்ஆனின் 7:31-ஐ ஒட்டிவைத்தால் மட்டும் போதாது.

7 நாளைக்கு 3 வாளி வை. நறுக்கும்போது கழிவதும் அழுகியதும் ஒன்றில், தேக்சா அண்டாவில் விற்காமல் மிஞ்சுவது இன்னொன்றில், இலையில் திரும்பி வருவது மூன்றாவதில். எலும்பைத் தனியே போடச் சொல், இல்லையென்றால் எடை ஏமாற்றும். முதல் வாளி கனத்தால் கொள்முதலில் கோளாறு. இரண்டாவது என்றால் உன் மதிப்பீட்டில். மூன்றாவது என்றால் பரிமாறும் அளவில். வெள்ளியும் ஞாயிறும் வியாபாரம் வேறு மாதிரி, அவற்றை மற்ற நாளோடு சேர்த்துச் சராசரி எடுக்காதே.

தேக்சா விஷயம்தான் பெரிசு. பகலுக்கான 10 கிலோ அரிசியையும் ஒரே தம்மில் போடாதே. முதலில் 6 கிலோ. மிச்சத்துக்குக் கறி மசாலா மட்டும் தயாராக இருக்கட்டும். டோக்கன் போகிற வேகத்தைப் பார்த்துவிட்டு அரிசியை ஊறவை. சீரக சம்பாவுக்கு அரை மணி போதும். முன்கூட்டியே ஊறவைத்துக் காத்திருந்தால் கிளறும்போது உடைந்து குழையும். கூட்டம் வராவிட்டால் மசாலாவை அகலத் தட்டில் பரப்பி, சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜில் ஏற்றிவிடலாம். வெந்த சோற்றை என்ன செய்வாய்?

இலையில் மிஞ்சுகிறதே என்று கரண்டியைச் சின்னதாக்கிவிட்டு அதே விலை வாங்காதே. அது சிக்கனமில்லை, அளவில் மோசடி. 83-வது அத்தியாயம் தொடங்குவதே அளவில் குறைப்பவர்களுக்குக் கேடு என்றுதான். அரை பிளேட்டை விலையோடு போர்டில் எழுது. தால்சாவும் பச்சடியும் கொஞ்சமாக வைத்து, கேட்டால் மறுபடி ஊற்றட்டும்.

மதரஸாவுக்குக் கொடுப்பதானால் 3 மணிக்கே, சூடு இருக்கும்போதே கொடு. வெதுவெதுப்பாகக் கிடந்த சோற்றில் கிருமி நஞ்சைக் கக்கிவிடும்; திரும்பச் சூடாக்கினாலும் அது போகாது. நாமே கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்கிற பொருளைத் தர்மத்துக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்கிறது 2:267. ராத்திரி 11 மணிச் சோறு அந்த வகை.

பையன்களின் சம்பளத்தில் கைவைக்காதே, அது விரயக் கணக்கில் வராது. அடுக்களைக் குழாய் ஒழுகுவது வரும். நபி (ஸல்) அவர்கள் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளூ செய்தது ஒரு முத் தண்ணீரில், அதாவது இரு கை சேர்த்து அள்ளும் அளவில்.

அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் 7 நாள் எடையையும் எழுதி அனுப்பு. எலும்பு சேர்க்காமல்.

அத்தா