செல் சாவதற்கு முன்பே பேச்சு தடுமாறுகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

‘ஃப்ரீ ராடிக்கல்கள் மூளைச் செல்களை அரித்துக் கொல்கின்றன, ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்தால் தப்பலாம்’ என்று சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையை என் அப்பா வெட்டி வைத்திருக்கிறார். ஆறு வருடமாக அவருக்கு நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்). ஓரமெல்லாம் கோணலாக வெட்டிய அந்தத் தாளை நீட்டி, “இதை வாங்கலாமாம்மா?” என்று கேட்டார். நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

செல் சாவது கடைசிக் கட்டம். அதற்கு முன்பே நரம்பு செல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது கெட ஆரம்பித்துவிடும். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் ஓய்வில் இருக்கும்போது எடுக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. அவ்வளவு எரிக்கிற இடத்தில், ஆக்சிஜனிலிருந்து பிறந்து பிற மூலக்கூறுகளைத் தாக்கும் ஃப்ரீ ராடிக்கல்களும், அவற்றின் கூட்டாளியான ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகத்தான் செய்யும். நரம்பு முனையில் டோபமைன், குளூட்டமேட் போன்ற நரம்புக்கடத்திகள், அதாவது அடுத்த செல்லுக்குச் சேதி கொண்டுபோகும் வேதிப்பொருட்கள், நுண்பைகளில் காத்திருக்கின்றன. மின்துடிப்பு வந்து கால்சியம் உள்ளே பாய்ந்ததும் பை செல்லின் சவ்வோடு ஒட்டித் திறக்க வேண்டும். அதற்கு மூன்று புரதங்கள் கயிறு திரிப்பதுபோல ஒன்றையொன்று முறுக்கிக்கொள்கின்றன. அவற்றில் ஒன்றான ஸ்நாப்-25இல், கந்தகம் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் நான்கு நெருக்கமாக இருக்கின்றன. பெராக்சைடு எளிதில் கைவைப்பது இந்த மாதிரிக் கந்தகத்தில்தான். முறுக்கு சரியாக விழாவிட்டால் பை திறக்காது.

குளூட்டமேட் கதை வேறு. சிந்தியதை அள்ளி எடுக்கும் புரதங்களும் ஆக்சிஜனேற்றத்தால் மந்தமாகிவிடும். தேங்கியது அடுத்த செல்லை ஓயாமல் தூண்டும், அதற்குள் கால்சியம் குவியும், அதனால் இன்னும் பெராக்சைடு பெருகும்.

நடுக்குவாதத்தில் அழிகிற டோபமைன் செல்களுக்குச் சிக்கல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பைக்குள் இருக்கும்வரை டோபமைன் பத்திரம். வெளியே செல்லுக்குள் கிடந்தால் தானே ஆக்சிஜனேற்றம் அடையும். அதைச் சிதைக்கும் நொதியும் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு ஹைட்ரஜன் பெராக்சைடை விட்டுச் செல்கிறது.

அப்பாவின் பழைய கணக்கு நோட்டைப் புரட்டியபோது மனம் கனத்தது. டாக்டர் நோயின் பெயரைச் சொல்வதற்கு இரண்டு வருடம் முன்பே கையெழுத்து சிறுத்துவிட்டது. முதல் எழுத்து நன்றாக இருக்கிறது, கடைசி எழுத்து எறும்பு அளவுக்குப் போய்விட்டது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

சரி, மாத்திரை? நடுக்குவாதத்தின் ஆரம்பத்தில் இருந்த 800 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1993இல் வந்தது. ஆன்டிஆக்சிடன்டான வைட்டமின் ஈ, அதிக அளவில் கொடுத்தும், நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை. தவிர, பெராக்சைடு வெறும் குப்பை இல்லை. டோபமைன் எவ்வளவு வெளியேற வேண்டும் என்று மட்டுப்படுத்தும் சமிக்ஞையாகவும் மூளை அதைப் பயன்படுத்துகிறது. முழுக்கத் துடைத்தெறிய வேண்டிய பொருள் அல்ல அது.

டாக்டர் எழுதித் தந்த, மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா மருந்தைக் கடிகாரம் பார்த்துக் கொடுத்து வருகிறோம். அந்தக் கட்டுரையை நம்பி யாராவது அதை நிறுத்திவிடுவார்களோ என்றுதான் எனக்குப் பயம்.

இந்தக் கடிதத்தை அதே மருத்துவப் பக்கத்தில் போடுங்கள். அப்பா இதையும் வெட்டி அதோடு சேர்த்து வைத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியை