எம்ஜிபி-க்கு எந்த கியர் பாக்ஸ்?

அன்புள்ள குமார்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஷெஃபீல்டில் இடம் கிடைத்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இனி நீ மூன்று பக்கம் எழுதிக் கேட்டிருக்கும் விஷயத்துக்கு, உன் காருக்கு எந்த கியர் பாக்ஸ் மாட்டலாம் என்பதற்கு, வருகிறேன்.

உன்னுடையது 1972 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார். நான்கு கியர், ஓவர்டிரைவ் (பெட்டியின் பின்னால் சேர்ந்து, அதே வேகத்துக்கு எஞ்சின் சுற்றைக் குறைக்கும் அமைப்பு) இல்லை. மோட்டார்வேயில் இரைகிறது என்கிறாய். இரையத்தான் செய்யும். டாப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால் மணிக்கு 17.9 மைல் வேகம்தான். 70 மைலில் ஓட்டினால் எஞ்சின் 3,900 சுற்றில் நிற்கும். ஃபைவ் ஸ்பீடு மாட்டினால் சரியாகும் என்று உனக்குச் சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். எம்ஜிபி-யில் வந்த லேகாக் எல்எச் ஓவர்டிரைவின் விகிதம் 0.82, அதாவது பெட்டியிலிருந்து வெளியே போகும் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் 0.82 சுற்று சுற்றினால் போதும். ஃபோர்டு சியராவில் வந்த டைப் 9 பெட்டியின் ஐந்தாம் கியரும் 0.82. பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஐந்து கியர் பெட்டியில் 0.814. எதை மாட்டினாலும் 70 மைலுக்கு 3,200 சுற்றுதான் வரும்.

வித்தியாசம் கீழ் கியர்களில் இருக்கிறது. உன் பெட்டியில் முதல் மூன்று கியர்களின் விகிதம் 3.44, 2.17, 1.38. நாலு சிலிண்டர் சியராவின் டைப் 9-இல் முதல் கியர் 3.65, இரண்டாவது 1.97. உன் வண்டியின் 3.9 டிஃபரன்ஷியலோடு (பின் அச்சில் உள்ள கியர்) சேரும்போது முதல் கியர் எடுத்தவுடன் தீர்ந்துவிடும், இரண்டாவதில் எஞ்சின் இழுவை இல்லாமல் திணறும். இந்த எஞ்சினுக்கு அது பொருந்தாத ஜோடி. வி6 வண்டியில் வந்த 3.36, 1.81 கிடைத்தால் பரவாயில்லை. மாஸ்டாவின் 3.14, 1.89 இன்னும் நன்றாக உட்காரும், லீவரும் வெண்ணெய் மாதிரி விழும். ஆனால் கிட் வாங்கினாலும் பெல்ஹவுசிங் அடாப்டர் (பெட்டியை எஞ்சினோடு இணைக்கும் துண்டு), கிளட்ச் தட்டின் ஸ்ப்லைன் (ஷாஃப்ட் நுழையும் பல்வரிசை), ஸ்பிகாட் புஷ் (ஷாஃப்டின் முனையைத் தாங்கும் வளையம்), ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம், ஸ்பீடோமீட்டர் கேபிள் என ஒவ்வொன்றும் பொருந்துகிறதா என்று முன்பே அளக்க வேண்டும்.

என் ஓட்டு ஓவர்டிரைவ் பெட்டிக்குத்தான். மூன்றாவதிலும் வேலை செய்வதால் 1.13 என்று ஒரு இடைக் கியர் கிடைக்கும். மேட்டில் அதன் அருமை தெரியும். 1977 முதல் நான்காவதில் மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள், அதனால் பழைய பெட்டியாகத் தேடு. ஒன்றை மறக்காதே: இருக்கிற பெட்டியின் பின்னால் ஓவர்டிரைவை மட்டும் மாட்ட முடியாது. மெயின் ஷாஃப்டே வேறு, முழுப் பெட்டியாகத்தான் வாங்க வேண்டும்.

ஓடும் வண்டியிலிருந்து எடுப்பதென்றால் ஓட்டிப் பார். முதல் மூன்று கியரிலும் உறுமி நான்காவதில் அமைதியானால் லேஷாஃப்ட் (கீழ் கியர்களைச் சுழற்றும் துணை ஷாஃப்ட்) பேரிங் போயிருக்கிறது. ஓவர்டிரைவ் சேரவே இல்லையென்றால் பாதி நேரம் குற்றம் மின்சாரத்தில்தான்: சுவிட்ச், புல்லட் கனெக்டர், பெட்டி மேலுள்ள இன்ஹிபிட்டர் சுவிட்ச் (கீழ் கியர்களில் ஓவர்டிரைவ் சேராமல் தடுப்பது). சூடானபின் தாமதமாகச் சேர்ந்தால் ஆயில் மட்டம், அடைத்த ஃபில்டர், சோலனாய்டு வால்வின் ஓ-ரிங் என்ற வரிசையில் பார். சேராமல் போவதைவிட விடாமல் பிடித்துக்கொள்வதுதான் ஆபத்து. அந்த நிலையில் ரிவர்ஸ் போட்டால் உள்ளே இருக்கும் ஒருவழி கிளட்ச் நொறுங்கும். சந்தேகம் வந்தால் வண்டியைப் பின்னால் நகர்த்தாதே.

ஊற்றுவது 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில், 3.4 லிட்டர். இ.பி. (அதிக அழுத்தம் தாங்கும்) கியர் ஆயில் வேண்டாம், பெட்டிக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே ஆயில்தான்.

எஞ்சினையும் பெட்டியையும் சேர்த்தே தூக்க வேண்டியிருக்கும். தூக்கியது தூக்கியாயிற்று, கிளட்ச் தட்டு, கார்பன் ரிலீஸ் பேரிங், கிராங்க்ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் மாற்றிவிடு. இவற்றில் ஒன்று அடுத்த வருடம் போனாலும் மறுபடி முழு வேலை.

ஸ்பீடோமீட்டர் முகத்தில் சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை முறை சுற்றும் என்ற கணக்கு அது. ஓவர்டிரைவ் பெட்டிக்கு வேறு எண் வேண்டும். உன் மீட்டரில் என்ன போட்டிருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
முரளி