அள்ளிக்கொண்டு போக அங்கே என்ன இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில், வெளிநாட்டு ஊழியர்களுக்கான கட்டாய இ.பி.எப். (ஊழியர் சேமநிதி) சந்தா பற்றித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட கட்டுரையின் கடைசிப் பத்தியில், "மலேசியர்களுக்கு உள்ள அதே ஓய்வூதிய வசதி இனி வெளிநாட்டு ஆசிரியர்களுக்கும் உண்டு, ஒப்பந்தம் முடிந்ததும் அதை அள்ளிக்கொண்டு அவர்கள் ஊர் திரும்பலாம்" என்று எழுதப்பட்டிருந்தது. 2008ஆம் ஆண்டு பாளையங்கோட்டையிலிருந்து பினாங்குக்கு வந்து, அன்று முதல் இங்குள்ள ஒரு தனியார் பள்ளியில் கணிதம் கற்பித்து வரும் எனக்கு, அந்த வாக்கியத்தைப் படித்த பிறகு பக்கத்தைத் திருப்பக் கை வரவில்லை. 'அதே', 'ஓய்வூதியம்', 'அள்ளிக்கொண்டு' ஆகிய மூன்று சொற்களும் தவறு. மூன்றாவது சொல் மனத்தையும் புண்படுத்துகிறது.

ஊழியர் சேமநிதி வாரியம் ஓய்வூதியம் வழங்கும் அமைப்பு அன்று என்பது தாங்கள் அறியாததல்ல. 1951இல் தொடங்கிய நாள் முதல் அது சேமிப்புதான். ஊழியரும் முதலாளியும் மாதந்தோறும் போடும் பணமும் அதன்மேல் ஆண்டுதோறும் சேரும் லாப ஈவுமே அதில் இருக்கின்றன. எடுத்துத் தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஓய்வூதியம் என்பது இந்நாட்டில் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு உயிருள்ள வரை மாதாமாதம் வருவது. எங்கள் அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, திங்கட்கிழமை காலை மின்தூக்கி அருகே என்னை நிறுத்தி, "டீச்சர், உங்களுக்கும் பென்ஷன் வந்துவிட்டதாமே, பேப்பரில் போட்டிருக்கிறார்கள்" என்று மனமார வாழ்த்தினார். அவருடைய மகிழ்ச்சி உண்மையானது. அதைக் கெடுக்க மனம் வராமல் தலையசைத்துவிட்டு வந்தேன். என்னைப் பற்றிய ஒரு பொய்யை நானே ஒப்புக்கொண்டு வர நேர்ந்ததே என்ற வருத்தம் இன்றுவரை தீரவில்லை.

'அதே' என்ற சொல்லுக்கு வருகிறேன். மாதம் 6,000 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம் வாங்கும் மலேசிய ஆசிரியருக்கு, அவர் பங்கு 11 விழுக்காடு, அதாவது 660 வெள்ளி. முதலாளியின் பங்கு 12 விழுக்காடு, அதாவது 720 வெள்ளி. ஆக மாதம் 1,380 வெள்ளி அவர் கணக்கில் சேர்கிறது. (சம்பளம் 5,000 வெள்ளிக்குள் இருந்தால் முதலாளியின் பங்கு 13 விழுக்காடு.) அவருக்கு அடுத்த வகுப்பறையில், அதே 6,000 வெள்ளிக்கு, அதே பாடத்தை நடத்தும் எனக்கு, 2025 அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து நடைமுறைக்கு வந்த சட்டப்படி, என் பங்கு 2 விழுக்காடு, பள்ளியின் பங்கு 2 விழுக்காடு. 120உம் 120உம் சேர்ந்து மாதம் 240 வெள்ளி. எனக்கு இப்போது 52 வயது. பள்ளி இன்னும் எட்டு ஆண்டுகள் என்னை வைத்துக்கொண்டால், லாப ஈவு நீங்கலாக 23,040 வெள்ளி சேரும். பக்கத்து வகுப்பறை ஆசிரியருக்கு அந்த எட்டு ஆண்டுகளில் சேர்வது 132,480 வெள்ளி. அவருக்குக் கிடைப்பதைப் பார்த்து நான் பொறாமைப்படவில்லை. இது அவருடைய நாடு, அவருக்கு முன்னுரிமை இருப்பது நியாயம். 2024 அக்டோபர் 18 அன்று பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் வரவு செலவுத் திட்ட உரையில் வெளிநாட்டவருக்கும் சந்தா கட்டாயமாகும் என்று அறிவித்தபோது எங்கள் ஆசிரியர் அறையில் நாங்கள் நன்றியோடுதான் பேசிக்கொண்டோம். பின்னர் 2 விழுக்காடு என்று தெரிந்தபோதும், ஒன்றுமில்லாததற்கு இதுவாவது வந்ததே என்றுதான் சொன்னோம். ஆனால் 240ஐ 1,380க்குச் சமம் என்று ஒரு நாளிதழ் எழுதும்போது, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணிதம் கற்பிப்பவள் வாய்மூடி இருக்க முடியாது.

தங்கள் நாளிதழ் இந்த விஷயத்தில் தவறுவது இது முதல்முறையும் அன்று. நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில், பள்ளி அலுவலகக் கிராணி (எழுத்தர்), வெளிநாட்டவருக்கு இ.பி.எப். கிடையாது என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். பல ஆண்டுகள் கழித்து ஐயம் எழுந்து, தங்கள் கேள்வி-பதில் பகுதிக்கு ஒரு கேள்வி அனுப்பினேன். அதற்கு வந்த பதிலும் "கிடையாது" என்பதுதான். நறுக்கி எடுத்து, ஒப்பந்தக் கடிதங்களோடு சேர்த்துக் கோப்பில் வைத்திருக்கிறேன். சென்ற நவம்பரில், முதல் சந்தா கட்டப்பட்டுவிட்டதா என்று கேட்கச் சேமநிதி வாரியத்தின் முகப்புக்குப் போனபோது, அங்கிருந்த இளம்பெண் அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு, நீங்கள் விரும்பியிருந்தால் அன்றே சேர்ந்திருக்கலாமே என்று சாதாரணமாகக் கேட்டார். 1998 ஆகஸ்டு 1 முதல் வெளிநாட்டவருக்கு இச்சந்தா கட்டாயமில்லை என்று ஆனதே தவிர, வழி அடைக்கப்படவில்லை. விருப்பத்தின் பேரில் சேர்பவர் தம் சம்பளத்தில் 11 விழுக்காடு கட்டலாம், முதலாளி மாதம் 5 வெள்ளி கட்டினால் போதும் என்பதே அக்காலத்து விதி.

ஐந்து வெள்ளிக்காக நான் ஏங்கவில்லை, ஐயா. என் சொந்தப் பணத்தை லாப ஈவு தரும் இடத்தில் போட்டு வைக்க எனக்கு வழி இருந்திருக்கிறது, அதை 17 ஆண்டுகள் நான் அறியாமல் இருந்திருக்கிறேன். வாரியம் 2014இல் 6.75 விழுக்காடு, 2015இல் 6.40, 2017இல் 6.90 என்று லாப ஈவு கொடுத்தது. நோய்த்தொற்றுக் காலமான 2020இல்கூட 5.20 கொடுத்தது. ஒவ்வோர் ஆண்டும் அந்தச் செய்தியைத் தங்கள் முதல் பக்கத்தில்தான் படித்தேன். நமக்கில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த செய்திக்குப் போனேன். கிராணியின் ஒரு சொல்லும் தங்கள் பகுதியின் ஒரு சொல்லும் சேர்ந்து என்னை அந்தக் கணக்குக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தன. நேரில் போய் விசாரிக்காதது என் தவறு என்று யாரேனும் சொல்லலாம். அச்சில் வந்ததை நம்பியதுதான் நான் செய்தது.

கட்டாயமான பின்பும் எல்லாம் நேராகிவிடவில்லை. எங்கள் பள்ளி புதுப்பித்துத் தந்த ஒப்பந்தத்தில், வீட்டு வாடகைப் படியில் சரியாக 120 வெள்ளி குறைந்திருக்கிறது. காரணம் எழுதப்படவில்லை. முதலாளியின் பங்கை ஊழியரின் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளக் கூடாது என்பது சேமநிதிச் சட்டம். படியில் குறைத்துவிட்டுப் பங்கில் கொடுத்தால் ஊழியருக்கு மிஞ்சுவது என்ன என்பதைத் தங்கள் செய்தியாளர் ஒரே ஓர் ஆசிரியரிடம் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்கும். கட்டுரை முழுவதிலும் ஓர் ஆசிரியரின் குரல்கூட இல்லை. 2019 ஜனவரியில் வெளிநாட்டு ஊழியர்கள் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலை விபத்துப் பாதுகாப்புக்குள் கொண்டுவரப்பட்டபோதும், தோட்டத்திலும் கட்டுமானத்திலும் வேலை செய்வோரைப் பற்றி மட்டுமே எழுதினீர்கள். நாங்களும் அதில் அடங்குவோம் என்று நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு என் தங்கையும் ஒரு காரணம். அவள் 2013 முதல் 2019 வரை ஜப்பானில் ஆசிரியையாக இருந்தாள். அங்கே சந்தா கட்டியவர் குறைந்தது 10 ஆண்டுகளை நிறைவு செய்தால் உண்மையான ஓய்வூதியம் உண்டு. 2017 வரை அது 25 ஆண்டுகளாக இருந்தது. அதற்குள் நாட்டை விட்டுப் போகும் வெளிநாட்டவர், இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்து ஒரு தொகையை மொத்தமாகத் திரும்பப் பெறலாம். "போகும்போது வாங்கிக்கொண்டு போய்விடலாம்" என்று யாரோ சொன்னதை நம்பி அவளும் விண்ணப்பித்தாள். ஆறு ஆண்டுகள் கட்டியவளுக்கு, அக்கால விதிப்படி, மூன்று ஆண்டுக் கணக்குக்கு மேல் கிடைக்கவில்லை. அதிலும் 20.42 விழுக்காடு வரியாகப் பிடிக்கப்பட்டது. அந்த வரியைத் திரும்பக் கேட்க அங்கேயே ஒரு பிரதிநிதியை நியமித்துவிட்டு வரவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, பணத்தை வாங்கிய கையோடு அந்த ஆறு ஆண்டுகளும் கணக்கிலிருந்து அழிந்துபோனதுதான். இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் 2016 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, ஊரில் அவள் பி.எப். ஓய்வூதியத் திட்டத்தில் இருந்த ஆண்டுகளை அவற்றோடு கூட்டிக்கொள்ள வழி இருந்தது. 'அள்ளிக்கொண்டு போகலாம்' என்ற ஆலோசனைக்கு எங்கள் குடும்பம் ஏற்கெனவே கொடுத்த விலை இது.

இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும் அத்தகைய உடன்படிக்கை இல்லை. ஊரில் ஆறு ஆண்டுகள் தனியார் பள்ளியில் வேலை செய்த எனக்கு, அங்கே ஓய்வூதியத்துக்கு வேண்டிய 10 ஆண்டுகள் நிறையவில்லை. பணத்தை எடுக்காமல், பணிக்காலத்துக்கான சான்றிதழாக வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன். ஆக, 20 ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்திய பிறகு, மாத ஓய்வூதியம் என்று எந்த நாட்டிலிருந்தும் எனக்கு வரப்போவது ஒன்றுமில்லை.

நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகும் வெளிநாட்டவர் தம் சேமநிதியை முழுமையாக எடுக்கலாம் என்பது உண்மை. கட்டுரை அதோடு நின்றுவிட்டது. என்னோடு வேலை செய்த மதுரைக்காரர் ஒருவர் கடந்த டிசம்பரில் ஊர் திரும்பினார். வழக்கம்போல இங்குள்ள வங்கிக் கணக்கை முதலில் மூடினார், பிறகு பெட்டி கட்டினார், சேமநிதியின் நினைவு அவருக்கு விமானத்தில்தான் வந்தது. சில நூறு வெள்ளிதான் என்றாலும் அவர் இன்னும் கடிதப் போக்குவரத்தில் இருக்கிறார். வேலை அனுமதி முடிவதற்கான சான்று, பணம் வந்து சேர வேண்டிய வங்கிக் கணக்கு, கைரேகைப் பதிவு ஆகியவற்றை இங்கிருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும், சேர்ந்த முதல் மாதமே வாரிசை நியமித்துவிட வேண்டும் என்றும் தாங்கள் இரண்டு வரி எழுதியிருந்தால், அது இங்கே பணிபுரியும் எத்தனையோ பேருக்குப் பயன்பட்டிருக்கும்.

தங்களிடம் நான் கேட்பது சிறிது. அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், ஒரு திருத்தம் வெளியிடுங்கள். 'ஓய்வூதியம்' என்பதைச் 'சேமநிதி' என்று மாற்றுங்கள். மலேசியருக்கு 11உம் 12 அல்லது 13உம், வெளிநாட்டவருக்கு 2உம் 2உம் என்ற விழுக்காடுகளை அடுத்தடுத்துப் போடுங்கள். இடம் இருந்தால், கேள்வி-பதில் பகுதியில் அன்று எனக்குச் சொன்ன பதில் தவறு என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். வெட்டி வைத்த அந்தத் துண்டின் நகலை இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை,
ஜெலுத்தோங், பினாங்கு.